களம்பூருக்குக் கொண்டுபோன பட்டு

நாத்தனார் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கத்தான் ஈப்போவிலிருந்து ஆரணிக்குப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன். மலேசியாவில் இல்லாத பட்டா என்று கேட்டவர்களுக்கு, "நான் ஆரணிக்காரி, என் புகுந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவை ஆரணியிலிருந்துதான் வரவேண்டும்" என்று ஜம்பமாகப் பதில் சொன்னேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. போன வருஷம் அண்ணன் எழுதிய கடிதத்தில், மழை பெய்யாததற்கும் மாடிப்படி கட்டியதற்கும் நடுவில் ஒரு வரி இருந்தது. "உங்க டெலிபோன் அக்கா தவறிப்போய்விட்டார்கள்." அந்த அக்காவிடம் நான் சொல்லவேண்டிய ஒரு வார்த்தை பாக்கி இருந்தது. பன்னிரண்டு வருஷமாகச் சொல்லாமலே காலம் கடத்தியிருந்தேன். அக்கா போனபிறகு அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான் பெட்டியைக் கட்டினேன்.

சென்னையில் இறங்கிய மறுநாள் காலை ஆரணி பஸ். வெளிநாட்டில் ஒன்பது வருஷம் இருந்ததில் பஸ்ஸில் இடம் பிடிக்கும் வித்தை மறந்துபோயிருந்தது. ஈப்போவில் வரிசையில் நின்று பழகிய உடம்பு இங்கேயும் வரிசையில் நின்றது. வரிசையில் நான் ஒருத்திதான் இருந்தேன். ஜன்னல் வழியாகத் துண்டு, கூடை, ஒரு கைக்குழந்தை எல்லாம் உள்ளே போய் இடம் பிடித்துவிட்டன. எனக்குக் கிடைத்தது எஞ்சின் மூடிக்குப் பக்கத்து இடம். காஞ்சிபுரம் தாண்டுவதற்குள் ஒரு பக்கம் வெந்துபோனேன்.

பின் சீட்டில் இரண்டு பெண்கள் தெலுங்கில் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் வளர்ந்த தெருவில் பாதி வீட்டில் தெலுங்கு என்பது அவர்களுக்குத் தெரியாது. "வெளிநாட்டுப் பெட்டி, பார்த்தாயா. கழுத்தில் ஒன்றும் காணோம்" என்றாள் ஒருத்தி. "திருட்டுக்குப் பயந்து கழற்றி வைத்திருப்பாள்" என்றாள் மற்றவள். கொஞ்ச நேரம் கழித்து முதலாமவள், "முகத்தைப் பார்த்தால் துக்கம் விசாரிக்கப் போகிறவள் மாதிரி இருக்கிறது" என்றாள். 

வெம்பாக்கத்துக்குப் பக்கத்தில் பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து அறிவித்தார்.

"பெல்ட்டு அறுந்துபோச்சி. யாரும் பேஜார் பண்ணாதீங்க. அரை அவர்ல ஜல்தியா போய்டலாம்."

அரை மணியும் ஜல்தியும் ஒரே வாக்கியத்தில் வருவது எங்கள் பக்கத்தில் மட்டும்தான். எல்லாரும் இறங்கிப் புளியமர நிழலில் உட்கார்ந்தோம். ஒரு பாட்டியம்மா கூடையில் வைத்திருந்த வெள்ளரிப்பிஞ்சைக் கேட்காமலேயே என் கையில் வைத்தாள். ஈப்போவில் பஸ் நின்றால் எல்லாரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே யாரிடமும் கடிகாரம் இல்லை, என்னிடம் மட்டும் இருந்தது. ஆளாளுக்கு என்னிடம் வந்து மணி கேட்டார்கள்.

அங்கிருந்து வயல் வழியாகப் போனால் மூன்று மைலில் அக்காவின் ஊர். அந்தப் பாதையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மாட்டுவண்டி அந்தப் பக்கம் திரும்பியது. கூப்பிட்டிருந்தால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டிருப்பார். போய் யாரைப் பார்ப்பது, என்னவென்று சொல்வது? பெல்ட் மாற்றி பஸ் கிளம்பியதும் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

அக்காவின் பெயர் சுலோச்சனா. ஆரணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். எங்களைவிட எட்டு ஒன்பது வயதுதான் மூத்தவர். வேலூரில் கல்லூரியில் படித்தபோது பூப்பந்து, எங்கள் ஊர்ப் பேச்சில் பேட்மிண்டன், ஆடியவர், அதை விட மனசில்லாமல் எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பேரைப் பிடித்து, எக்ஸ்சேஞ்சுக்குப் பின்னாலிருந்த காலி மனையில் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அக்கா நயினார் வீட்டுப் பெண், அதாவது எங்கள் மாவட்டத்துத் தமிழ்ச் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபிறகு சாப்பிடமாட்டார்கள். அதனால் எங்கள் ஆட்டம் நாலு மணிக்கு ஆரம்பித்து, சூரியன் வேப்பமரத்துக்குக் கீழே இறங்கும்போது முடியும். அக்கா கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறப்பார். "பொழுது போவுது, நீங்களும் ஆளுக்கு ஒரு வாய் சாப்புடுங்கடி" என்று எங்களுக்கும் கொடுப்பார். இன்றைக்கும் ஈப்போவில் என் வீட்டில் ஆறு மணிக்கே இரவுச் சாப்பாடு. பிள்ளைகள் திட்டிக்கொண்டே சாப்பிடுகிறார்கள்.

பூப்பந்தில் பந்து மட்டையில்தான் படவேண்டும். கை, கால், துணி, எங்கே பட்டாலும் தப்பு, புள்ளி எதிராளிக்கு. ஆனால் அது கம்பளிப் பந்து. தாவணியை உரசிக்கொண்டு போனால் சத்தமே வராது. நடுவருக்குத் தெரியாது, பட்டவளுக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே அக்கா ஒரு சட்டம் போட்டிருந்தார். யார்மேல் பட்டதோ அவளே கையைத் தூக்கி "பட்டு!" என்று கத்தவேண்டும். "பட்டுச்சுக்கா" என்று நிதானமாகச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும் என்று அவரே அதைச் சுருக்கிவிட்டார். கத்திய பெண்ணை அக்கா திட்டமாட்டார். மெச்சவும் மாட்டார். "சொல்லிட்டா இல்ல, ஆடு" என்பார். அவ்வளவுதான், அடுத்த பந்து.

வெளியூர் ஆட்டங்களில் இது பெரிய வேடிக்கையாகப் போனது. ஆரணியிலிருந்து வந்த பெண்கள் கையைத் தூக்கி "பட்டு, பட்டு" என்று கத்தினால் சனங்கள் சும்மா இருப்பார்களா? "இன்னாம்மா, ஆட வந்தீங்களா, பொடவை விக்க வந்தீங்களா?" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து கேட்பார்கள். எங்களுக்கு மானம் போகும். அக்கா சிரிப்பார்.

அந்த வார்த்தை என்னோடு மலேசியா வரைக்கும் வந்துவிட்டது. குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டால் "பட்டு" என்பேன். ஆபீசில் தப்பாக டைப் அடித்துவிட்டால் வாய்க்குள் "பட்டு" என்று சொல்லிக்கொண்டு மேலாளரிடம் நானே போய் நிற்பேன். என் சின்னவள் பாலைக் கொட்டிவிட்டு ஒரு கையைத் தூக்கி "பட்டு!" என்று கத்துகிறாள். என் வீட்டுக்காரர் மூன்று தலைமுறை மலேசியாக்காரர். கல்யாணமான புதிதில், நான் நாளுக்கு நாலு தடவை புடவை கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு பேசுகிற நான், சொல்லவேண்டிய இடத்தில் சொல்லவில்லை.

அண்ணன் வீட்டில் முதல் நாள் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். அண்ணி, "மலேயாவுல இதெல்லாம் கெடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டே மூன்றாவது உருண்டையை வைத்தார். கிடைக்காது என்று சொன்னால் நாலாவது வரும். கிடைக்கும் என்றேன், முகம் வாடிவிட்டது. உடனே கிடைக்காது என்று மாற்றிக்கொண்டேன், நாலாவது வந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தெருவில் நடக்க முடியவில்லை. தெருவின் நீளத்துக்கு யாரோ நெசவுக்குப் பட்டுப் பாவு விரித்து, நான்கு பேர் நின்று இழைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். தபால்காரர் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு சுவரோரமாகப் போனார். ஈப்போவில் ரோட்டை மறித்து ஒரு பெட்டியை வைத்தால் போலீஸ் வரும். இங்கே பாவு எழும்வரை போலீஸ்காரரே காத்திருப்பார். அண்ணியும் நானும் பின்தெரு வழியாகச் சுற்றித் தறிக்காரர் வீட்டுக்குப் போனோம்.

மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை ஒன்று, கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று. அரை மணியில் எடுத்துவிட்டேன். தறிக்காரருக்கு அதில் மனத்தாங்கல்.

"இன்னாம்மா, அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துட்டு இத்தினி சீக்கிரம் முடிச்சிட்டீங்க. இன்னும் நாப்பது பொடவை காட்டலாம்னு எடுத்து வச்சிகினு இருந்தேன்."

"வேற ஒரு வேலை இருக்குங்க" என்றேன். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அண்ணியைப் புடவைகளோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு எக்ஸ்சேஞ்சுக்கு நடந்தேன். பின்னால் இருந்த மனையில் ஒரு ஸ்டேட் கவர்மெண்டு குவார்ட்டர்ஸ் எழும்பியிருந்தது. நாங்கள் ஆடிய இடத்தின் நடுவில் யாருடைய சமையலறையோ இருந்தது, வெங்காயம் வதக்கும் வாசனை வந்தது. நல்லவேளை, அக்கா பார்க்கவில்லை. அவருக்கு வெங்காயம் ஆகாது.

உள்ளே ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண் இருந்தாள். சுலோச்சனா அக்காவிடம் பேட்மிண்டன் கற்றுக்கொண்டவள் என்று சொன்னதும் எழுந்து நாற்காலி போட்டாள்.

"இது அவங்க சீட்டுதாங்க. நான் வந்து ஒரு வருஷம் அவங்களோட இருந்தேன். உடம்பு முடியாம இருந்தப்பக்கூட ஞாயித்துக்கெழமை மட்டும் டூட்டி போட்டுக்க மாட்டாங்க. எங்கக்கா போறீங்கன்னு கேட்டா, 'பட்டு வேலையா போறேன்'னு சொல்லுவாங்க."

"பட்டு வேலையா?"

"ஆமாங்க. பொடவை யாவாரம் எதனா சைடுல பண்றாங்களோன்னு நெனச்சிப்போம். பையில ரெண்டு பொடவை இருக்கும் சில நாள்ல."

எனக்கு அது பொருந்தவில்லை. அக்காவுக்கு வியாபாரம் பேசத் தெரியாது. காய்கறிக்காரி சொன்ன விலைக்கு வாங்கிவிட்டு, "வெயில்ல உக்காந்திருக்கு பாவம்" என்று சொல்கிற ஆள். எதற்கு அவருக்குப் புடவை வியாபாரம்?

அந்தப் பெண் ஒரு இணைப்பைக் கொடுக்கத் திரும்பி, "ஆரணி" என்றாள். ஒரே ஒரு சொல். அதைக் கேட்டதும் ஈப்போவில் டெலிபோனைப் பிடித்துக்கொண்டு நின்ற நாள் நினைவுக்கு வந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால், பெரியவன் பிறந்த சேதியை அண்ணனிடம் சொல்ல ஈப்போவிலிருந்து டிரங்க்கால் போட்டேன். ஐந்து மணி நேரம் காத்திருந்து, எந்தெந்த ஊர் ஆபரேட்டர்களோ பேசி முடித்து, கடைசியில் இதே மாதிரி "ஆரணி" என்றது ஒரு குரல். நான் எண்ணைச் சொன்னேன். 

"யாரு, வசந்தாவா?"

"ஆமாங்க்கா."

"நல்லா இருக்கியா? அங்க மட்டை எடுக்கறியா?"

"இல்லக்கா."

"சரி. வேற எதனா சொல்லணுமா?"

ஆபரேட்டர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி. "இல்லக்கா" என்றேன். இணைப்பைக் கொடுத்துவிட்டார். அதுதான் கடைசிப் பேச்சு.

என்ன சொல்லியிருக்கவேண்டும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். வேலூரில் ஒரு போட்டி. கடைசி ஆட்டத்தில் எங்களுக்கு எதிரில் களம்பூர்ப் பெண்கள். அரிசி மில்லில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், பாதிப்பேர் வெறுங்காலில் ஆடினார்கள், பேய் மாதிரி ஆடினார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் சமம், இன்னும் ஒரு புள்ளிதான். அவர்கள் அடித்த பந்தை நான் எடுக்கத் திரும்பியபோது அது என் தாவணி ஓரத்தை உரசிக்கொண்டுதான் மட்டைக்கு வந்தது. அடித்தேன். அந்தப் பக்கம் விழுந்தது. ஜெயித்துவிட்டோம்.

களம்பூர்ப் பக்கத்திலிருந்து யாரோ "துணியில பட்டுது சார்!" என்று கத்தினார்கள். நடுவர் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார்.

"பட்டுச்சா?"

"இல்லக்கா."

அக்கா நடுவரிடம் திரும்பி, "படலைங்க சார். பட்டிருந்தா அவளே சொல்லியிருப்பா" என்றார். எனக்கு அடி விழுந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. நடுவர் தலையை ஆட்டினார். கோப்பை எங்களுக்கு.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாரும் பாடிக்கொண்டு வந்தார்கள். அக்கா என் தாவணி ஓரத்திலிருந்து எதையோ இரண்டு விரலால் எடுத்தார். மஞ்சள் கம்பளி இழை, புதுப் பந்திலிருந்து உதிர்ந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே விட்டார். ஒன்றும் கேட்கவில்லை. ஆடுகிற எல்லார் துணியிலும் அந்த இழை ஒட்டும், அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று பன்னிரண்டு வருஷமாக எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டிருந்தேன். அந்தப் போட்டிக்குப் பிறகு பரீட்சை என்று சாக்குச் சொல்லி ஆடப் போகவில்லை. மூன்று வருஷத்தில் கல்யாணம், கப்பல். அக்காவுக்குத் தெரியுமா தெரியாதா என்பது மட்டும் எனக்குத் தெரியவே இல்லை.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்குக் களம்பூர் போய் அந்தப் பெண்களில் ஒருத்தியையாவது பார்க்கவேண்டும் என்றேன். அண்ணன் வாயிலிருந்த காபியை விழுங்க முடியாமல் சிரித்தார்.

"பன்னண்டு வருஷம் கழிச்சி அவுட்டு சொல்றதுக்கு மலேயாவுலேர்ந்து வந்திருக்கியா? நல்லா கீதும்மா!"

"அக்காகிட்ட சொல்ல முடியல. தோத்தவங்ககிட்டயாவது சொல்லணும் இல்ல?"

அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டார். "போளூர் பஸ்ல ஏறு. அவங்க கேப்டன் பேரு ஞாபகம் இருக்கா?" என்றார். மல்லிகா. மறந்தால்தானே.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. போளூர் பஸ் வந்தது, நிற்காமலே போனது. அடுத்ததில் படிக்கட்டில்கூட இடமில்லை. மூன்றாவது வரவே இல்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், படவேட்டுக் கோயிலுக்குப் போகிற கூட்டம் என்று சமாதானம் சொன்னார். கடைசியில் நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "களம்பூரா? ஏறும்மா, பொம்பளைங்க ரெண்டு பேரு உள்ள கீறாங்க" என்றார். இரண்டு நடவாட்களுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்து நெல் லாரியில் போகிறேன் என்று வீட்டுக்காரருக்கு எழுதினால் நம்பமாட்டார்.

"யார் வீட்டுக்கு?" என்று கேட்டார் டிரைவர்.

"மல்லிகான்னு ஒருத்தங்க. சின்ன வயசுல பேட்மிண்டன் ஆடுவாங்க."

"மில்லுல எட போடற மல்லிகாவா! இன்னமும்தான் ஆடுது. நம்ம லாரியே அந்த மில்லுக்குத்தான் போவுது."

களம்பூரில் இறங்கும்போது காற்றெல்லாம் நெல் அவிக்கிற வாசனை. மில்லுக்குள் பெரிய சிமெண்டுக் களம், நெல் காயப்போடுகிற இடம். ஒரு பாதியில் நெல்லைக் கூட்டிக் குவித்துச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். மறுபாதியில் வலை கட்டியிருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மல்லிகாவை உடனே தெரிந்துவிட்டது. உடம்பு பெருத்திருந்தது, நடை மாறவில்லை. என்னை அவளுக்குத் தெரியவில்லை. ஆரணி, சுலோச்சனா அக்கா டீம் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டு போய் மூட்டைமேல் உட்காரவைத்தாள். டம்ளரில் நீர்மோர் வந்தது. நான் குடிக்கவில்லை. முதலில் சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது.

"வேலூர்ல ஃபைனல் ஆடினோமே, ஞாபகம் இருக்கா? கடைசிப் பந்து. என் தாவணியில பட்டுச்சு. நான் படலைன்னு சொல்லிட்டேன்."

மல்லிகா யோசித்தாள். "எந்த மேட்ச்சும்மா? நாங்க தோத்துகினேதான் இருந்தோம். எதைன்னு ஞாபகம் வச்சிக்கறது?"

பன்னிரண்டு வருஷம் நான் சுமந்ததை அவள் அப்படியே மறந்திருந்தாள். எனக்குக் கோபம்கூட வந்தது.

"அந்த மேட்ச்ல நீங்க எங்ககிட்ட ஒரு கோப்பையத் தோத்தீங்க."

"கோப்பையா?" என்றாள். திரும்பிப் பார்த்து, "இதுவா?" என்றாள்.

கோட்டோரத்தில் ஒரு பித்தளைக் கோப்பை இருந்தது. ஒரு காது உடைந்திருந்தது. அதில் கோடு போடுகிற சுண்ணாம்புத் தூள். அதன் அடியில் பொறித்திருந்த எழுத்தை நான் குனிந்து பார்க்கவேண்டியதில்லை. அந்தக் கோப்பை அக்காவின் அறையில் இருப்பதாகத்தான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"சுலோ அக்கா குடுத்தது. வேலூர்ல ஏதோ ஒரு மேட்ச் முடிஞ்சி அடுத்த ஞாயித்துக்கெழமை பஸ் ஏறி வந்தாங்க. 'இது உங்களுது'ன்னு வச்சிட்டாங்க. ஏதோ பிரியத்துல குடுக்கறாங்கன்னு வாங்கிகினோம். அப்புறம் ஒரு ஞாயிறு விடல. படுக்கையில விழற வரைக்கும் வந்து எங்களுக்குச் சொல்லிக்குடுத்தாங்க. ஆரணியில எம்மாம் பேரு கீறாங்க, எங்களுக்கு எதுக்குக்கா வறீங்கன்னு கேட்டா, 'ஒரு பட்டு பாக்கி கீது, அதுக்குத்தான்'னு சொல்லுவாங்க."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயய்யோ! நாங்க பொடவைன்னு இல்ல நெனச்சிகினு இருந்தோம்! ஆரணிக்காரங்க, பட்டுன்னா வேற இன்னா? எங்க ஊர்ல யாரு வூட்டுல கல்யாணம்னாலும், 'அக்கா, பாக்கி பட்டுன்னு சொன்னீங்களே, ஒண்ணு கொண்டாங்க'ன்னு சொல்லுவோம். அவங்களும் சிரிச்சிகினே தறிக்காரங்ககிட்ட சொல்லி எடுத்தாந்து குடுப்பாங்க. இல்லைன்னு ஒரு நாள் சொல்லலியே!"

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. பஸ்ஸில் அந்த இழையை எடுத்தபோதே தெரிந்திருக்கிறது. என்னிடம் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அது பட்டு இல்லையே. நான் சொல்லுவேன் என்று காத்திருந்தார். டிரங்க்காலில்கூட ஒரு தரம் கேட்டுப் பார்த்தார். நான் சொல்லாத ஒவ்வொரு ஞாயிறும் எனக்குப் பதிலாகப் பஸ் ஏறிப் போனார்.

மல்லிகா என் முதுகைத் தடவினாள். "வுடும்மா. அந்த ஒரு பந்து உன் துணியில படலைன்னா எங்களுக்கு அக்காவே இல்ல. மோரைக் குடி" என்றாள். குடித்தேன்.

வெயில் இறங்கியதும் பெண்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேர்க்கடலையும் பொரியும் எடுத்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். "ஜல்தி, பொழுது போவுது" என்று ஒருத்தி எல்லாரையும் விரட்டினாள். ஏன் அவசரம் என்று கேட்டேன்.

"பொழுது சாயறதுக்குள்ள சாப்டுடணுங்க. பேட்மிண்டன்ல அது ரூலு" என்றாள்.

மல்லிகாவைப் பார்த்தேன். அவளும் அது ரூல்தான் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். நான் திருத்தவில்லை. எனக்கும் கைநிறையப் பொரி வந்தது, சாப்பிட்டேன்.

இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. மல்லிகா ஒரு மட்டையை என் கையில் திணித்தாள். வேண்டாம், மறந்துவிட்டது, புடவை கட்டியிருக்கிறேன் என்றேன். "நானும்தான் கட்டிகினு கீறேன்" என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்வரிசையில் நின்றேன். செருப்பைக் கழற்றியதும் காலுக்கடியில் களத்தின் சூடு. முதல் பந்தைத் தவறவிட்டேன். இரண்டாவதை வலையில் அடித்தேன். மூன்றாவது எப்படியோ போய்விட்டது, பெண்கள் கைதட்டினார்கள்.

அடுத்து வந்தது தாழ்ந்த பந்து. குனிந்து எடுத்தேன். நன்றாகவே எடுத்தேன், அந்தப் பக்கம் யாரும் தொட முடியாத மூலையில் போய் விழுந்தது. என் பக்கத்துப் பெண்கள் "பாயிண்டு!" என்று குதித்தார்கள். எதிர்ப்பக்கத்தில் மல்லிகா பந்தை எடுக்கப் போய்விட்டாள். யாரும் எதையும் பார்க்கவில்லை. மட்டைக்கு வருவதற்கு முன்னால் அது என் கொசுவத்தை உரசியது. கம்பளிப் பந்து, சத்தமே இல்லை.

கையைத் தூக்கினேன்.

"பட்டு!"

மில் சுவர்வரை கேட்டிருக்கும். மூட்டை தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மல்லிகா பந்தோடு நின்றுவிட்டாள். என் கை இறங்கவில்லை.

எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்குப் பதினான்கு வயது இருக்கும். நான் யார், எந்த ஊரிலிருந்து வந்தேன், என்ன கதை என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆட்டம் ஏன் நின்றது என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, அவளுக்குப் பொறுமையில்லை.

"அதான் சொல்லிட்டாங்க இல்ல" என்றாள். "ஆடு."